பனியன் துணித் தாம்பூலப் பை

அவிநாசிபாளையம்
22-1-2025

உன் ஊட்டுக் கல்யாணத்தில் அன்றைக்கு இருந்தவர்கள்: கல்யாண மாப்பிள்ளை உன் மகன் ரத்தினசாமி. பந்தி விசாரித்துக்கொண்டிருந்த என் ஊட்டுக்காரர், பேரை எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். எனக்கு வலது பக்கத்து இலையில் நம் சித்தி கண்ணம்மாள். இடது பக்கத்தில் என் மகன் சாமியப்பன், அவனுக்கு அந்தப் பக்கம் மருமகள் பூங்குழலி. என் மடியில் பேரன் செந்தில்வேல், அப்போது பல் முளைக்காத பிள்ளை. நின்றுகொண்டிருந்தது பெண்ணின் சித்தப்பா மகுடேஸ்வரன்.

இலை போட்டு, உப்பு வைத்து, பொரியல் வைத்து, வடையும் வைத்தாயிற்று. அப்போது நீ வந்தாய். நீலத்தில் மாம்பழக் கரை போட்ட பட்டு. என் தோளைத் தொட்டு, "தெய்வா, எந்திரி. சம்பந்தி ஊட்டுக்காரரு நிக்கறாரு பாரு" என்றாய். எழுந்தேன். என் இலையில் மகுடேஸ்வரன் உட்கார்ந்தார். என் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே "இன்னொரு வடை" என்று கேட்டார்.

உட்கார்ந்த இலையிலிருந்து கூடப்பிறந்த அக்காளால் எழுப்பப்பட்டவள் இந்தக் கொங்கு நாட்டில் நான் ஒருத்திதான். நேராகத் திருமுருகன்பூண்டிக்கு பஸ் ஏறினேன். முருகன் முன்னால் கற்பூரம் ஏற்றி, இனி கமலாம்பாளோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மடியில் இருந்த அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். மாசி முகூர்த்தம், அதே பூண்டிக் கோயில். செந்தில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெண் ஜெயபாரதி அதே கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். சாமியப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு வேன் ஓட்டுவதை விட்டுவிட்டான். அதனால் கையில் இருப்பதை வைத்து, யாரிடமும் கடன் வாங்காமல் நடத்த வேண்டும் என்பது பெண் போட்ட ஒரே கட்டளை. கெட்டிக்காரி.

எல்லாம் சரி. இணைச்சீருக்குத் தங்கச்சி வேண்டுமே? செந்திலுக்குக் கூடப்பிறந்தது இல்லை. எங்கள் பங்காளி வகையில் எல்லாம் ஆண் பிள்ளைகளாகப் பெற்று வைத்திருக்கிறார்கள். தாலி கட்டுமுன் கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு பெண் இல்லை. முறைப்படி பார்த்தால் ரத்தினசாமி மகள், உன் பேத்தி வினிதாதான் அவனுக்குத் தங்கச்சி.

எனக்காகக் கேட்கவில்லை. பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

தெய்வாத்தாள்

*

காங்கேயம்
28-1-2025

தெய்வாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது, "யாருங்க இந்தக் காலத்துல கையால எழுதறது, கோர்ட்டு நோட்டீசுங்களா?" என்று கேட்டார். அதுபோலத்தான் இருந்தது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள், இவ்வளவு எழுத எப்போது கற்றுக்கொண்டாய்? என்னைத் திட்டுவதென்றால் உனக்கு எழுத்து தானாக வரும் போலிருக்கிறது.

மாம்பழக் கரை இல்லை. அன்னக் கரை. மற்றபடி எல்லாம் சரி.

ஒன்று சொல்கிறேன். சம்பந்திகள் சாப்பிடுவதற்கு முன்னால் கல்யாண ஊட்டுக்காரி முதல் பந்தியில் உட்காருவாளா? மாப்பிள்ளையின் சித்தி நீ. நீ விருந்தாளியா, ஊட்டுக்காரியா? ஊட்டுக்காரி என்று நினைத்துத்தான் எழுப்பினேன். அடுத்தவள் தோளை நான் தொட்டிருப்பேனா?

இது உனக்குப் புரியாது. விடு.

வினிதாவிடம் சொன்னேன். "அண்ணன் கல்யாணமா! நான் நிக்கறேன் அம்மாயி... அப்பாயி" என்று சந்தோஷத்தில் என்னை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்றே மறந்து குதித்தாள். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலுக்கு வந்து, வாய் திறந்து, "வாங்க" என்று கூப்பிட வேண்டும். கடிதாசி போட்டுக் கூப்பிடுவதற்கு நான் என்ன தாசில்தாரா?

கமலாம்பாள்

*

அவிநாசிபாளையம்
4-2-2025

அன்னக் கரை இல்லை. மாம்பழம். அன்னக் கரை போட்டது நீ சீமந்தத்துக்குக் கட்டிய பச்சைச் சேலை. என்னோடு இதில் மோதாதே.

ஊட்டுக்காரியாம். எழுப்பிவிட்டு வைத்த பேர்.

தட்டோடு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. வாய் திறக்க மாட்டேன். செந்தில் கூப்பிடுவான்.

கல்யாண ஏற்பாட்டைச் சொல்கிறேன், அப்புறம் உனக்கு யாரும் சொல்லவில்லை என்று பேசுவாய். மண்டபம் கிடையாது. கோயிலில் தாலி. சாப்பாடு செந்தில் வேலை செய்யும் கம்பெனியில். அன்றைக்கு லீவு விடுகிறார்கள். பனியனைப் பரப்பி ஓட்டை பார்ப்பார்களே, அந்தச் செக்கிங் மேசைகளை வரிசையாகப் போட்டு இலை விரித்தால் முடிந்தது. லைட் வேறு பளீரென்று இருக்கிறது, சோற்றில் கல் கிடந்தால் கோயமுத்தூர் வரைக்கும் தெரியும். பரிமாறுவதற்கு அவனோடு வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள் வருகிறார்கள். "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லப் பழக்கியிருக்கிறான். வேண்டாம் என்றால் அவர்களுக்குப் புரியாது. விருந்து என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜெயபாரதி ஆபீசில் காஸ்டிங் போடுகிறவள். ஒரு பனியனுக்கு நூல் எவ்வளவு, தையல் எவ்வளவு, பட்டன் எவ்வளவு என்று பிரித்துப் போடுவது. கல்யாணத்துக்கும் அதே மாதிரி போடுகிறாள். "ஒரு ஆளுக்கு எவ்வளவு விழுதுன்னு பாக்கலாங்க அப்பாயி" என்றாள். "எங்க கல்யாணத்துல ஆளுக்கு எவ்வளவு விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும் கண்ணு? வந்தாங்க, தின்னாங்க, கொற சொன்னாங்க, போனாங்க" என்றேன். சிரித்துவிட்டு, "கொற சொல்றதுக்குச் செலவில்லீங்க, அத வெச்சுக்கலாம்" என்றாள். எனக்கு ஏற்ற பேத்தி.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தாம்பூலப் பை. வெளிநாட்டுக்காரன் கலர் ஒத்துவரவில்லை என்று திருப்பிய மஞ்சள் பனியன் துணி ஒரு ரோல் கிடந்தது. முதலாளி, கல்யாணத்துக்கு வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். நம்மாட்கள் முகூர்த்தத்துக்கு மஞ்சள் தேடி அலைகிறோம், அவனுக்கு அந்த மஞ்சள் பிடிக்கவில்லையாம்! செந்தில் வெட்டினான், பூங்குழலி தைத்தாள், இரண்டு பேர் பேரும் போட்டுப் பிரிண்ட் அடித்தாயிற்று. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், எலுமிச்சம்பழம், ஒரு லட்டு. போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தோம். பூப்போல நிற்கிறது. தேங்காய் கிடையாது. இப்போது தேங்காய் விற்கிற விலை உனக்கே தெரியும், நீதானே விற்கிறாய்.

தெய்வாத்தாள்

*

காங்கேயம்
12-2-2025

தெய்வாவுக்கு,

வந்தாய். பார்த்தேன். இதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நீ வேறு மாதிரி சொல்வாய், அதனால் எழுதுகிறேன்.

காரிலிருந்து இறங்கினாய். இளைத்திருக்கிறாய். தட்டை நீட்டினாய். செந்தில், "பெரிய அப்பாயி, குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கோணுங்க" என்று அழகாகக் கூப்பிட்டான். பிள்ளைக்கு மூக்கு நம் அப்பாவுடையது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ உத்திரத்தைப் பார்த்தாய்.

காப்பி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை, வேண்டுமென்றேதான். கேட்பாய் என்று பார்த்தேன். புருவத்தைத் தூக்கிக் காட்டினாய், டம்ளரைத் தட்டினாய், வாயைத் திறக்கவில்லை. வினிதா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிப் போனாள்.

அதற்கப்புறம் நீ செய்ததுதான் பெரிய காரியம். எழுந்து தொழுவத்துக்குப் போனாய். என் செவலை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, எனக்குக் கேட்கும்படி, "ஏஞ் சாமி, உங்க ஊட்டுக்காரிகிட்டச் சொல்லு. பேரன் கல்யாணத்துக்கு வந்துரோணும். வராம இருந்துறப்போறா, சொல்லிப்போட்டேன்" என்றாய்.

மாட்டிடம் சொன்னது மாட்டுக்கு வைத்த அழைப்பு. செவலை வரும். லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். நான் வர மாட்டேன்.

இன்னொன்று. காங்கேயத்தில் தோப்பு வைத்துக்கொண்டு அக்கா ஒருத்தி உயிரோடு இருக்கும்போது, உன் பேரன் கல்யாணத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்துத் தாம்பூலம் கொடுப்பாயா? பார்க்கிறவர்கள் உன்னைச் சொல்ல மாட்டார்கள், என்னைச் சொல்வார்கள். தேங்காய் வருகிறது. திருப்பி அனுப்பினால் டெம்போக்காரனுக்கு இரட்டை வாடகை நீதான் கொடுக்க வேண்டும்.

கமலாம்பாள்

*

அவிநாசிபாளையம்
17-2-2025

அக்கா,

சிரித்தாய் அல்லவா. சிரி.

நான் பிடிவாதத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். செந்திலும் அப்படித்தான் நினைக்கிறான். அன்றைக்குப் பூண்டியில் கற்பூரம் ஏற்றும்போது என் இடுப்பில் யார் இருந்தது? அவன்தான். ஆத்திரத்தில் அவன் தலையில் கை வைத்துத்தான் சத்தியம் செய்தேன். "இந்தப் பிள்ளை மேல ஆணை" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்க முடியுமா?

அதற்கப்புறம் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம், நான் எங்கேயாவது மறதியாக உன்னோடு பேசிவிட்டேனா என்றுதான் முதலில் யோசித்தேன். நீ எங்கள் ஊர்த் தேருக்கு வந்த வருஷம் ஊட்டைவிட்டு வெளியே வராமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் பார்த்தால் பேசிவிடுவேனே என்று.

இப்போது அவன் கழுத்தில் மாலை விழப் போகிற நேரத்தில், அதே சாமி முன்னால், நான் வாய் திறக்க முடியாது. என்னைக் கொன்றாலும் முடியாது. உனக்குக் கோபம் என்றால் இரு. வினிதாவை மட்டும் அனுப்பிவிடு.

தேங்காய் வந்து இறங்கியது. ஜெயபாரதி பார்த்துவிட்டு, "காஸ்டிங்கு மறுபடி போடோணுங்களே" என்றாள். அப்புறம் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஊட்டுப் பக்கம் யாரும் அவளுக்கு இப்படி அள்ளிக் கொடுத்தது கிடையாதாம். பைகளில் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுத் தேங்காய் போடச் சொல்லியிருக்கிறேன்.

தெய்வாத்தாள்

*

காங்கேயம்
23-2-2025

தெய்வா,

பிள்ளை மேல் ஆணை வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காப்பியில் சர்க்கரை போட்டிருப்பேன்.

நானும் ஒன்று சொல்லவில்லை. அன்றைக்குச் சம்பந்திகள் எல்லாம் சாப்பிட்டு முடித்ததும் கடைசிப் பந்தியில் எனக்கு ஒரு இலை போடச் சொன்னேன். பக்கத்தில் உனக்கும் ஒன்று. உன் இலையில் வடை இரண்டாக வைக்கச் சொன்னேன், நீ வடைக்கு அலைகிறவள். ஆளை விட்டுத் தேடினேன். நீ பஸ் ஏறிப் போய்விட்டாய் என்றார்கள். சோறு ஆறிக்கொண்டே இருந்தது. நானும் எழுந்துவிட்டேன். மகன் கல்யாணத்தன்று பட்டினி கிடந்த தாய் இந்தக் கொங்கு நாட்டில் நான் ஒருத்திதான். உனக்கு மட்டும்தான் அந்தப் பட்டம் என்று நினைக்காதே.

வினிதா வருவாள். கூறைச் சேலையைப் பிடித்து நிற்பாள், உன் பேரனுக்கு ஒரு குறையும் வராது. நானும் பூண்டி வரைக்கும் வருகிறேன். கோயில் வாசலோடு நின்றுகொள்வேன். அழைக்காத கல்யாணத்துக்குள் நான் இதுவரை கால் வைத்ததில்லை. இந்த வயதில் பழகிக்கொள்ள முடியாது. நீ சத்தியத்தைக் காப்பாற்று, நான் முறையைக் காப்பாற்றுகிறேன். தாலி ஏறுவதை வாசலிலிருந்து பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

பேசாதே. பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

அக்கா

*

காங்கேயம்
9-3-2025

தெய்வா,

முழங்காலில் சிராய்ப்பு ஆறிவிட்டது. வினிதா மருந்து போடும்போதெல்லாம், "அக்கா! நில்லு! காலுக்கடியில பையி!" என்று உன் குரலில் கத்திக் காட்டுகிறாள். தோப்புக்காரன் வரைக்கும் கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்தத் தாம்பூலப் பையைத் துவைத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். வெங்காயம் போட்டேன். தரையைத் தொடுகிறது. இன்னும் எவ்வளவு இழுபடும் என்று பார்க்க வேண்டும்.

இப்போதுதான் பேசலாமே, போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஏன்?

இன்னொன்று கேட்கிறேன். உன் மனதில் யார் மேலாவது இன்னும் கோபம் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் எழுதித் தீர்த்துவிடு. வயதாகிவிட்டது நமக்கு.

அக்கா

*

அவிநாசிபாளையம்
14-3-2025

அக்காளுக்கு,

போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். எழுதினால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும். அதனால்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ ஊர் பூராவும் மாற்றிச் சொல்லிக்கொண்டு இருப்பாய். வினிதா அரக்குப் பட்டில் வந்து செந்தில் பக்கத்தில் கூறைச் சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பார், அப்போதே என் கண் வாசலுக்குப் போய்விட்டது. நீ அங்கே கல்தூண் மாதிரி நின்றாய். பூண்டியில் சிலை செய்கிறவர்கள் யாராவது உன்னைப் பார்த்திருந்தால் அளவெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். நீயும் வாசலிலிருந்தே போட்டாய், நடுவில் நின்ற யாரோ தலையில் விழுந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாய்.

கல்யாணத்துக்கு வந்தவள் தாம்பூலம் வாங்காமல் போகலாமா? ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பேசாமல் நீட்டினேன். நீயும் பேசாமல் வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டு, தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

எலுமிச்சம்பழத்துக்கு வெட்டிய பை. பனியன் துணி. உள்ளே உன் தோப்புத் தேங்காய், அதிலும் நீ பொறுக்கிப் பொறுக்கிப் பெருசாக அனுப்பியது. நீ ஒரு அடி வைத்தால் பை ஒரு சாண் இறங்குகிறது. இடுப்பில் இருந்தது முழங்காலுக்கு வந்தது. முழங்காலில் இருந்தது கணுக்காலுக்கு வந்தது. செந்தில்வேல் – ஜெயபாரதி என்ற எழுத்து புடலங்காய் மாதிரி நீண்டுவிட்டது. நீ குனிந்து பார்த்தால்தானே? கௌரவம்! படியில் கால் வைக்கப் போனாய், பை உன் காலுக்கு முன்னால் போய்விட்டது.

அப்போதுதான் கத்தினேன். எனக்குத் தெரிந்து கத்தவில்லை. வாய் தானாகப் போய்விட்டது. அவ்வளவு நாள் மூடி வைத்திருந்த வாய், வந்த முதல் பேச்சு ஒரு பையைப் பற்றி!

நீ படியில் மண்டி போட்டாய். தேங்காய் கல்லில் மோதி, பைக்குள்ளேயே படீரென்று உடைந்து தண்ணீர் ஒழுகியது. எனக்கு உயிர் போய்விட்டது. உன்னைக்கூடப் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள், திரும்பிச் செந்திலைத்தான் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக நின்ற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். ஜெயபாரதி அவன் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். நான் மட்டும் அழுதுகொண்டு நிற்கிறேன்.

நீ எழுந்திருக்காமல் படியிலேயே உட்கார்ந்து, பைக்குள் கையை விட்டு, சரிபாதியாக உடைந்திருந்த மூடி இரண்டையும் எடுத்துக் காட்டினாய். "அழாத தெய்வா. முருகன் வாசல்ல தேங்கா ஒடஞ்சிருச்சு. உன்ற சத்தியத்த அவரே வாங்கிட்டாரு" என்றாய். அப்புறம் கேட்டாயே ஒரு கேள்வி: "அக்கான்னு கூப்பிட்டியே, அது கல்யாணத்துக்கா, பைக்கா?"

"ரெண்டுக்குந்தான். எந்திரிச்சு உள்ள வாக்கா" என்றேன்.

இதுவரைக்கும் நடந்ததில் உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மாம்பழக் கரைதான் என்று நீ ஒத்துக்கொண்டுவிட்டால் அதுவும் தீர்ந்துவிடும். செந்தில் மேல் இல்லை. பனியன் துணியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது இழுபடும் என்று தெரியாமல் போனதற்கு இரண்டு நாள் திட்டினேன், போதும். அவனுக்குத் தெரியும் என்று பூங்குழலியும், அவளுக்குத் தெரியும் என்று அவனும் இருந்திருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் பையை இழுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார்களாம். ஒருத்தர் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாராம். இந்தக் கல்யாணத்தை இனி யாரும் மறக்க மாட்டார்கள். காஸ்டிங்கில் இதை எங்கே எழுதுவது என்று ஜெயபாரதி கேட்கிறாள். கலரைத் திருப்பி அனுப்பிய வெளிநாட்டுக்காரன் மேலும் எனக்குக் கோபமில்லை, மகராசன்.

ஆனால் கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

முதல் பந்தியில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றாய். "நானும் நீயும் ஊட்டுக்காரிக" என்று எல்லோரும் சாப்பிடுகிற வரைக்கும் என்னையும் நிற்க வைத்தாய். கடைசியில் செக்கிங் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை. அன்றைக்கு உட்காராத அந்தப் பந்தி. உன் இலைக்கு ஒரு வடை விழுந்தது. தட்டில் மிச்சம் ஒன்று. ஒடிசாப் பையன் என் இலைப் பக்கம் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்றான். நான் கையைக்கூட எடுத்து வழிவிட்டேன். அப்போது எதிர் இலையிலிருந்து, வினிதாவோடு வந்து முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முடித்திருந்த ஒரு ஆள், "இங்க வைங்க கண்ணு, இன்னொரு வடை" என்று இலையைக் காட்டினார். பையன் திரும்பி அங்கே வைத்துவிட்டான்.

நீ உன் வடையைப் பிட்டுப் பாதியை என் இலையில் வைத்தாய். அதோடு உனக்கும் எனக்கும் கணக்கு நேராகிவிட்டது.

எனக்கென்று இரண்டு தரம் வடை வந்தது அக்கா. இரண்டையும் தின்றது ஒரே ஆள். அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். எழுதி வைத்துக்கொள்: மகுடேஸ்வரன்.